கூரையில்லாத வீட்டின் திறப்பு

பதினேழாம் இலக்க வீட்டுப் பூட்டு இன்றைக்கும் அடம்பிடிக்கிறது. செலீன் திறப்பை உள்ளே விட்டு, கதவைத் தோளால் ஒரு தள்ளுத் தள்ளி, கைப்பிடியை அரை அங்குலம் மேலே தூக்கித் திருப்புகிறார். "வா ராசா, காலமை வெள்ளெனச் சண்டை பிடியாதை," என்று பூட்டுக்கும் ஒரு வார்த்தை. கிளிக் என்று திறந்துகொள்கிறது. குளியல் அங்கியோடு நடைவழியில் நின்ற ஹெயிட்டிக்காரப் பெண் "மெர்சி, மதாம் செலீன்" என்று உள்ளே பாய்கிறார். "குப்பை போடப் போகேக்க திறப்பையும் கொண்டு போகவேணும் பிள்ளை. எத்தினை தரம் சொல்லுறது?" என்று செலீன் தமிழிலேயே சொல்கிறார். பத்து வருடமாகக் கேட்கிற வசனம். அந்தப் பெண்ணுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படுவதில்லை.

செலீனின் இடுப்பில் தொங்கும் வளையத்தில் அறுபத்தொரு திறப்புகள். நாற்பத்திரண்டு வீடுகளுக்கு உரியவை போக மிச்சம் பொயிலர் அறை, உடுப்புத் தோய்க்கும் அறை, கூரைக் கதவு, தபால்பெட்டிகள் என்று. ஒன்றிலும் இலக்கம் கிடையாது, நிறக் கடதாசி கிடையாது. விரல் நுனியால் திறப்பின் பல்லைத் தடவிப் பார்ப்பார், அவ்வளவுதான். "நம்பர் ஒட்டினால் எனக்கு மட்டுமோ வாசிக்கத் தெரியும்? கள்ளனும் பள்ளிக்கூடம் போனவன்தான்," என்பார். மொன்றியலின் லாசால் பகுதியில் இருக்கும் இந்த மூன்று மாடிச் செங்கல் கட்டடத்துக்குப் பத்தொன்பது வருடமாக அவர்தான் கொன்சியேர்ஜ். படிக்கட்டுக் கூட்டுவது, பனி தள்ளுவது, உப்புத் தூவுவது, பொயிலர் இருமினால் அதன் நெஞ்சைத் தட்டிக் கொடுப்பது எல்லாம் அவர் பாடு. வயது அறுபத்திரண்டு. பிறந்தது மன்னார்க் கரையில். ஆள் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு; திறப்புக் கோர்வையின் சத்தம் மட்டும் ஆறடி.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் திறப்பை நீட்டினாலும் உள்ளங்கை தானாக விரிந்துவிடும். யூலை முதலாம் திகதி, மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறுகிற நாள், போகிறவர்கள் எல்லோரும் ஓடுகிற ஓட்டத்தில் திறப்பை அவர் பக்கமாக எறிவார்கள். ஒன்றும் தரையில் விழுந்ததில்லை. ஒருமுறை கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது, தன் காரைத் திறப்பதற்காகப் பங்குச் சுவாமியார் எடுத்த திறப்பையும் செலீன் கை நீட்டி வாங்கிவிட்டார். இருவரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். "வாங்கின பிறகுதான் தெரிஞ்சுது அது என்ர வேலையில்லை எண்டு," என்று இன்னமும் சொல்லிச் சிரிப்பார்.

சம்பளம் பெரிதில்லை. பெரிதாக இருப்பது முதலாம் இலக்க வீடு. கட்டடத்தின் பழைய சொந்தக்காரர், ஓர் இத்தாலியக் கிழவர், செலீனை வேலைக்கு எடுத்த அன்று ஒற்றைத் தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்: மாதம் இவ்வளவு சம்பளம், இருப்பிடம் கீழ்த்தளத்தில் முதலாம் இலக்க வீடு. அது நாலரை. இந்த நகரத்தில் வீட்டை அறையால் எண்ணுவார்கள். குளியலறைக்கு அரைக் கணக்கு. குசினியில் காலை வெயில் விழும். பின்பக்கத்துப் பல்கனியில் கணவர் கிறகரி பதினொரு வாளிகளில் தக்காளியும் பச்சைமிளகாயும் வல்லாரையும் வளர்க்கிறார். மெத்தை செய்யும் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் நின்றே வேலை செய்து இரண்டு முழங்காலையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்த மனிதர். அறையிலிருந்து பல்கனிக்கு ஒன்பது எட்டு வைத்தால் போதும், படி கிடையாது. அவருடைய நாள் முழுக்க அந்த ஒன்பது எட்டுக்குள் நடக்கிறது.

செலீனின் அறிவித்தல்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் அந்தக் கட்டடத்துச் சனம் கோபித்துக்கொள்ளும். குப்பைப் பை பிழையான நாளில் வெளியே வந்துவிட்டால் வாசற்கதவில் ஒரு தாள் ஏறும். 'மூன்றாம் மாடியில் வசிக்கும் கனவான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் பணிவுடன் அறியத்தரும் பெருமை எனக்கு உண்டு. பாதி தின்ற பீற்சாவைப் பெட்டியோடு மறுசுழற்சித் தொட்டியில் இடும் வழக்கம் இம்மாதம் மூன்று தடவை அவதானிக்கப்பட்டது.' இதை அவர் ஆங்கிலத்தில் எழுதுவார். லொங்குய்யில் குடும்பத்தோடு இருக்கும் மகள் லக்சனா அதைச் சொல்லுக்குச் சொல் பிரெஞ்சுக்கு மாற்றித் தரவேண்டும். ஒருமுறை லக்சனா பொறுமை கெட்டு, 'குப்பையை ஒழுங்காகப் போடவும்' என்று ஒரே வரியில் முடித்து அனுப்பினாள். செலீன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"அம்மா, இந்தக் காலத்தில ஆர் 'பெருமை எனக்கு உண்டு' எண்டு எழுதுறது?"

"முதல்ல மரியாதை குடுத்தால்தான் பேந்து இறுக்கிக் கேக்கலாம். அதை வெட்டாமல் அடி."

தாளை எல்லோரும் நின்று வாசிப்பார்கள். சிலர் படம் பிடித்துக்கொள்வார்கள். பீற்சாப் பெட்டி மறுவாரம் காணாமல் போய்விடும்.

இந்த நடையை அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. படுக்கையறை அலுமாரியின் மேல்தட்டில் எண்ணெய்த்துணியால் சுற்றிய கட்டு ஒன்று இருக்கிறது. அதற்குள் ஐம்பத்தெட்டுக் கடதாசிகள், எல்லாம் ஆங்கிலத்தில். செலீனின் அப்பப்பா சந்தியாப்பிள்ளை வெள்ளைக்காரன் காலத்தில் அப்போதிக்கரியாக இருந்தவர். சின்ன ஆஸ்பத்திரிகளைத் தனி ஆளாக நடத்திய அரசாங்க மருத்துவ உத்தியோகத்தர்களுக்கு அப்போது அந்தப் பெயர். அவர் எழுதிய கடிதங்களின் பிரதிகள் ஊதாப் பென்சிலில். திணைக்களத்திலிருந்து வந்த பதில்கள் தட்டச்சில். ஒன்பது வருடமாக நடந்த கடிதப் போர். விடயம் ஒன்றே ஒன்றுதான்: வீட்டு வாடகைப் படி.

இந்தக் கட்டு கனடாவரை வந்தது ஒரு பிழையால். தொண்ணூறாம் ஆண்டு, மன்னாரில் ஷெல் விழத் தொடங்கிய ஒரு காலையில், செலீனின் அப்பா அலுமாரிக்கு மேலே இருந்த கட்டை இழுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினார். அங்கே ஒரே மாதிரி எண்ணெய்த்துணியில் இரண்டு கட்டுகள் இருந்தன. ஒன்று வீட்டு உறுதிப் பத்திரம், மற்றது இது. தஞ்சம் புகுந்த மடுக் கோவில் வளவில் ஒரு மரத்தடியில் பாயை விரித்துக் கட்டை அவிழ்த்தபோதுதான் தெரிந்தது. அம்மா ஒரு கடதாசியை எடுத்துப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "வீட்டு உறுதியை விட்டிட்டு, வீடு குடுக்காத கதையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறியள்," என்றார். வீடும் உறுதியும் பிறகு ஒன்றாகவே எரிந்து போயின. ஆனால் அப்பா கட்டை எறியவில்லை. அரசாங்கக் கடதாசியை எறிய அவருக்குக் கை வரவில்லை. சாகும்வரை தலைமாட்டில் வைத்திருந்தார். அதன் பிறகு செலீன் எடுத்துக்கொண்டார்.

மொன்றியலின் குளிர்காலங்கள் நீளமானவை. பனி தள்ளிவிட்டு வந்து, தேத்தண்ணியும் அகராதியுமாகக் குசினி மேசையில் உட்கார்ந்து, செலீன் கடிதம் கடிதமாக வாசித்தார். ஒரு குளிர்காலத்துக்கு ஐந்தாறு கடிதம். இப்போது கட்டு முழுவதும் மனப்பாடம். யாராவது கொஞ்சம் காது கொடுத்தால் போதும், அப்பப்பாவின் வழக்கு நேற்றுத்தான் நடந்ததுபோல் தொடங்கிவிடும்.

அப்பப்பாவைக் கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றினார்கள். போன அன்றே உத்தியோக வீட்டின் திறப்பைக் கையில் கொடுத்தார்கள். போய்த் திறந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரையில்லை. முந்தின வருடத்துப் புயல் கொண்டு போய்விட்டது. மனுசன் பக்கத்து ஊரில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்துக் குடும்பத்தை வைத்தார். உத்தியோக வீடு இல்லாத உத்தியோகத்தருக்கு மாதம் இருபது ரூபாய் வாடகைப் படி என்பது அரசாங்க விதி. அதைக் கேட்டு எழுதினார். பதில் வந்தது: 'உமக்கு உத்தியோக வீடு ஒதுக்கப்பட்டுள்ளது. ஆகவே படி தரமுடியாது.' அதற்குக் கூரையில்லை ஐயா என்று எழுதினார். பதில்: 'கூரை பழுதுபார்ப்புக்கான மதிப்பீடு கோரப்பட்டுள்ளது. வீடு ஒதுக்கப்பட்டிருப்பதால் படி தரமுடியாது.' கூரை வரவுமில்லை, படி வரவுமில்லை, மழை மட்டும் தவறாமல் வந்தது.

"அதே டிஸ்றிக்கில ஒரு வெள்ளைக்கார டொக்குத்தர் இருந்தவர்," என்று செலீன் இந்த இடத்தில் கதிரையை முன்னுக்கு இழுப்பார். "அவருக்குப் பங்களா. அவரும் படி கேட்டு எழுதினவர். ஏன் தெரியுமோ? விறாந்தை ஒடுக்கமாம், மனுசி பின்னேரத்தில இருந்து தேத்தண்ணி குடிக்க ஏலாதாம். நாலு மாசத்தில குடுத்திட்டாங்கள். அவருக்கு விறாந்தை ஒடுக்கம். எங்கட ஆளுக்கு முகடே இல்லை. அப்பப்பா அதையும் எழுதியிருக்கிறார், பாருங்கோ, எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கிறார். 'மேற்படி விறாந்தையின் அகலம் குறித்து என் ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவிக்கும் பெருமை எனக்கு உண்டு.'" அந்த வரிக்கு ஒவ்வொரு முறையும் தொடையில் அடித்துச் சிரிப்பார்.

நாற்பத்தோராம் கடிதத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிடும். ஆறு வருடம் இழுபட்ட பிறகு திணைக்களம் ஒரேயொரு கேள்வி கேட்டது: வீட்டின் திறப்பு யாரிடம் உள்ளது? அப்பப்பா நேர்மையான மனிதர். கடமையேற்ற நாள்முதல் என்னிடம் உள்ளது என்று எழுதினார். மறுதபாலில் முடிவு வந்துவிட்டது. திறப்பை ஏற்றுக்கொண்டவர் வீட்டை ஏற்றுக்கொண்டவர். வீட்டை ஏற்றுக்கொண்டவருக்குப் படி இல்லை. அவர் அந்தத் திறப்பைப் பதிவுத் தபாலில் இரண்டு தடவை அனுப்பிப் பார்த்தார்; இரண்டு தடவையும் திரும்பி வந்தது. கடைசியில் மாற்றலாகிப் போகும்போது அடுத்த அப்போதிக்கரியிடம் கொடுத்தார். கட்டில் இருக்கும் ஐம்பத்தெட்டாவது கடதாசி அந்த ஆள் எழுதிக் கொடுத்த ஒற்றை வரி: 'ஒரு திறப்புப் பெற்றுக்கொண்டேன்.'

"எல்லாம் சரியாச் செய்தவர்," என்பார் செலீன். "இங்கிலீசு சரி, சட்டம் சரி, நியாயம் சரி. முதல் நாள் கையை நீட்டினதுதான் பிழை."

சென்ற வருடம் இத்தாலியக் கிழவர் கட்டடத்தை ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போய்விட்டார். நிறுவனத்தின் சார்பில் மெஸ்யூ கன்யோன் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல முகம், நல்ல சப்பாத்து. எதற்கும் 'பிரச்சினையே இல்லை' என்று பிரெஞ்சில் சொல்வார். பிரச்சினை அவரோடுதான் வருகிறது என்று தெரியக் கொஞ்ச நாள் எடுத்தது. மார்ச் மாதம் பதிவுத் தபாலில் கடிதம் ஒன்று வந்தது. முதலாம் இலக்க வீடு புதுப்பிக்கப்பட்டு வாடகைக்கு விடப்படும். யூலை முதலாம் திகதி தொடக்கம் கொன்சியேர்ஜின் இருப்பிடம் நிலக்கீழ்த் தளத்தில் 002ஆம் இலக்கம்.

002 என்பது பொயிலர் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டரை. யன்னல் ஒரு சாண் உயரம். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். இறங்கப் பதினான்கு படிகள். செலீன் அங்கே பெயின்ற் வாளிகளும் உடைந்த துவிச்சக்கரவண்டிகளும்தான் வைத்திருந்தார்.

அவர் சத்தம் போடவில்லை. குசினி மேசையில் இருந்து பதில் எழுதினார். லக்சனா பிரெஞ்சில் அடித்துக் கொடுத்தாள். 'தங்கள் கடிதம் கிடைத்ததை அறியத்தரும் பெருமை எனக்கு உண்டு. முதலாம் இலக்க வீடு எனது சம்பளத்தின் பகுதி. அதை எடுப்பதாயின், லாசாலில் படிக்கட்டில்லாத நாலரை வீடு ஒன்றை வாடகைக்கு எடுக்கப் போதுமான படியைத் தரும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.' இரண்டு வாரத்தில் பதில் வந்தது. லக்சனா தொலைபேசியில் வாசித்துத் தமிழில் சொன்னாள். "தங்களுக்கு வேறு இருப்பிடம் ஒதுக்கப்பட்டிருப்பதால் படி எதுவும் வழங்க முடியாது எண்டு எழுதியிருக்கினம் அம்மா."

செலீன் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே அலுமாரியின் மேல்தட்டைப் பார்த்தார்.

"அம்மா? நிக்கிறீங்களோ?"

"நிக்கிறன். இந்த வசனத்தை எனக்குத் தெரியும். ஊதாப் பென்சிலால கீழ்க்கோடு போட்டு வைச்சிருக்கு."

அன்று மாலை கட்டை அவிழ்த்து, அந்தப் பழைய கடிதத்தையும் புதுக் கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தொண்ணூற்றைந்து வருட இடைவெளி. ஒன்று மஞ்சளாகி ஓரம் உதிர்ந்தது, மற்றது வெள்ளைவெளேர். கிறகரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தார்.

"எங்களுக்கேன் செலீன் இந்தச் சண்டை? பேசாமல் கீழ போவம். உள்ள வேலையும் போனால் என்ன செய்யிறது?"

"உங்கட மிளகாய்க் கண்டு?"

"அதுக்கென்ன, மிளகாய் கடையில விக்குது."

அந்த மனிதர் சொன்னார்தான். மறுநாள் செலீன் மூன்றாம் மாடியில் நின்றபோது, கிறகரி ஒருவருக்கும் சொல்லாமல் 002ஐப் பார்க்கத் தனியே இறங்கியிருக்கிறார். உப்புச் சாக்கு எடுக்க வந்த செலீன் மேலே நின்று கண்டார். ஒரு கை சுவரில், ஒரு கை முழங்காலில். ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து, பக்கவாட்டில், சின்னப் பிள்ளை இறங்குவதுபோல் இறங்கிக்கொண்டிருந்தார். எட்டாம் படியில் உட்கார்ந்துவிட்டார். கனநேரம் இருந்தார். பிறகு இருந்தபடியே ஒவ்வொரு படியாகப் பின்னால் நகர்ந்து மேலே வந்தார். செலீன் பின்வாங்கிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இருபது ரூபாய்க்கு ஒன்பது வருடம் எழுதிய அப்பப்பாவைச் சனம் விசரன் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டிருக்கிறார். அது இருபது ரூபாய்க்கு இல்லை என்று அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றபோதுதான் விளங்கியது.

லக்சனா லொங்குய்யிலிருந்து வந்து, தங்கள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, இரண்டு பேரும் வந்து இருங்கள் என்றாள். செலீன் அவளுக்கு இரண்டு தரம் சோறு போட்டார், பதில் மட்டும் போடவில்லை. அவள் போனபிறகு கிறகரியிடம் சொன்னார்: "பிள்ளை ஆசையாத்தான் கேக்குது. ஆனால் விருந்துக்குப் போற வீடு வேற, இருக்கிற வீடு வேற. நான் இன்னும் வேலை செய்யிறன். என்ர வேலைக்கு ஒரு வீடு இருக்கு."

பிறகு சாருஜாவிடம் போனார். வாடகைக்காரர் சங்கத்தின் சின்ன அலுவலகத்தில் வாரத்தில் இரண்டு நாள் இலவசமாகச் சட்டம் சொல்லும் பெண்; யாழ்ப்பாணத்துப் பெற்றோர், பிறந்தது இதே நகரத்து வில்லரேயில். தமிழை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவாள். இத்தாலியக் கிழவரின் ஒற்றைத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அன்ரி, இந்தப் பேப்பரை லமினேட் பண்ணி வையுங்கோ. இது நல்ல பேப்பர். கேஸ் போடலாம். ஆனா விசாரணை செப்ரெம்பரிலதான் வரும். அதுவரைக்கும் நீங்கள் முதலாம் நம்பரிலயே இருக்கவேணும். கீழ போய் இருந்திட்டால் நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. ஒண்டிலயும் சைன் வைக்காதேங்கோ."

"சைன் மட்டுமில்லை பிள்ளை," என்றார் செலீன். "திறப்பும்."

சாருஜாவுக்கு விளங்கவில்லை. செலீன் கதிரையை முன்னுக்கு இழுத்தார். வெளியே மூன்று பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். நாற்பத்தோராம் கடிதம் முடியும்வரை காத்திருந்தார்கள். கடைசியில் சாருஜா பேனையை எடுத்துத் தன் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினாள். செலீன் எட்டிப் பார்த்தார். 'திறப்பை வாங்கக்கூடாது' என்று பிரெஞ்சில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

சொல்வது சுகம். அறுபத்தொரு திறப்போடு பத்தொன்பது வருடம் சீவித்த கைக்கு அதைப் பழக்குவதுதான் பாடு. ஏப்ரலில் ஒருநாள் தபால்காரர் தன் வண்டித் திறப்பால் முதுகு சொறிந்துகொண்டு நின்றபோதே செலீனின் கை எழும்பியது. வீட்டுக்கு வந்து கிறகரியைக் கூப்பிட்டார். "இஞ்சாருங்கோ, அந்த அலுமாரித் திறப்பை எனக்கு நீட்டுங்கோ பாப்பம்." கிறகரி நீட்டினார். செலீன் வாங்கிவிட்டார். "திருப்பி நீட்டுங்கோ." மறுபடியும் வாங்கிவிட்டார். ஐந்தாம் தடவை கை பாதி வழியில் நின்றது. கிறகரி விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் கடிதம் வந்ததற்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். அதன் பிறகு சாப்பாட்டு மேசையில், தொலைக்காட்சிக்கு முன்னால், குளித்துவிட்டு வரும் வழியில், எந்த நேரத்திலும் கிறகரி திடீரென்று ஒரு திறப்பை நீட்டுவார். மே மாதக் கடைசியில் பத்துக்கு ஏழு தடவை செலீன் தப்பித்துக்கொண்டார்.

மெஸ்யூ கன்யோனும் சும்மா இருக்கவில்லை. 002க்கு வெள்ளை அடித்தார். புதுப் பூட்டுப் போட்டார். கையெழுத்துக்காக ஒரு தாள் அனுப்பினார். செலீன் அதைக் கிடைத்தது என்றுமட்டும் மரியாதையாக எழுதித் திருப்பி அனுப்பினார். செப்ரெம்பரில் விசாரணை இருப்பதாகச் சாருஜா பதிவுத் தபாலில் அறிவித்தாள். அதற்கும் அவர் பிரச்சினையே இல்லை என்றுதான் சொன்னாராம்.

யூன் மாதத்துக் கடைசி வியாழன், காலை பத்து மணி. வாசல் மண்டபம் முழுக்க அட்டைப் பெட்டிகள். மூன்றாம் மாடியில் இரண்டு வீடுகள் காலியாகின்றன. போகிறவர் ஒருவர் எறிந்த திறப்பை இப்போதுதான் செலீன் அந்தரத்தில் பிடித்து வளையத்தில் கோர்த்திருந்தார். வாளியில் தண்ணீர், கையில் தரை துடைக்கும் தடி. முன்கதவு திறந்தது. மெஸ்யூ கன்யோன், அவருக்குப் பின்னால் அளவுநாடாவோடு இரண்டு பேர்.

"போன்ஜூர், மதாம் செலீன்! கீழே எல்லாம் தயார். மிக அழகாக வந்திருக்கிறது. நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்." சட்டைப் பையிலிருந்து எடுத்தார். புதுத் திறப்பு, மஞ்சள் பிளாஸ்ரிக் துண்டில் 002. "சும்மா பிடியுங்கள். போய்ப் பாருங்கள். கையெழுத்தெல்லாம் பிறகு. பிரச்சினையே இல்லை."

கை நீட்டிய விதம் அவ்வளவு இயல்பாக இருந்தது. தெரிந்தவர், நல்ல முகம், காலை நேரம். செலீனின் வலது கை தடியை விட்டது. எழும்பியது. உள்ளங்கை விரியத் தொடங்கியது.

முதலாம் இலக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற கிறகரி, "செலீன்," என்றார். மெல்லத்தான் சொன்னார்.

கை பாதி வழியில் நின்றது. பிறகு செலீன் ஈரமான இரண்டு கைகளையும் ஏப்ரன் பைகளுக்குள் விட்டுக்கொண்டார். துணியில் ஈரம் இரண்டு வட்டமாகப் படர்ந்தது. நிமிர்ந்து, வாசற்கதவில் பத்தொன்பது வருடமாக ஒட்டிவந்த அந்தப் பிரெஞ்சில், ஒரு சொல் பிசகாமல் சொன்னார்:

"மெஸ்யூ, எனது கைகள் ஈரமாக உள்ளன என்பதைப் பணிவுடன் அறியத்தரும் பெருமை எனக்கு உண்டு."

மெஸ்யூ கன்யோன் சிரித்துவிட்டார். "பிரச்சினையே இல்லை. காயட்டும், நிற்கிறேன்."

"ஓம், நில்லுங்கோ," என்றார் செலீன் தமிழில்.

அவர் நின்றார். பெட்டி தூக்கிய ஒருவர் இருவருக்கும் நடுவால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். ஹெயிட்டிக்காரப் பெண் குப்பைப் பையோடு வந்து, நீட்டியிருந்த திறப்பைப் பார்த்து, செலீனைப் பார்த்து, அங்கேயே நின்றுவிட்டார். அளவுநாடாக்காரர்களில் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மஞ்சள் துண்டு மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. மெஸ்யூ கன்யோன் திறப்பை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிப் பிடித்தார். செலீனின் கைகள் பைக்குள்ளேயே இருந்தன.